பளையகாட்: ஒரு பெயர், பல சாரங்கள்

கல்முனை பஸாரிலோ காத்தான்குடி மெயின் வீதியிலோ ஒரு புடவைக் கடைக்குள் போய் "பளையகாட் சாரம் இருக்கா?" என்று கேட்டால், மேசையில் விரிபவை எல்லாம் ஒரே ரகமாக இருப்பதில்லை. மருதமுனைத் தறியில் இறக்கிய பருத்திச் சாரம் ஒன்று வரும். மொறமொறவென்று பசை ஏற்றிப் பெட்டிக்குள் மடித்த இந்தியச் சாரம் இன்னொன்று. வழுவழுப்பான, பொலியெஸ்டர் கலந்த இந்தோனேசிய மெசின் சாரம் மூன்றாவது. வெறும் துணியில் கட்டத்தை அச்சடித்துவிட்ட மலிவுச் சாரம் நாலாவது. கடைக்காரரைக் கேட்டால் நாலும் பளையகாட்தான். விலை மட்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் இருக்கும்.

அவர் ஏமாற்றுகிறார் என்று சொல்ல முடியாது. அந்தப் பெயருக்கு இன்று குறைந்தது நாலு பொருள் உண்டு: ஓர் ஊர், அந்த ஊரிலிருந்து கப்பலேறிய சரக்கு, அந்தச் சரக்கில் இருந்த கட்டம், அந்தக் கட்டத்தில் ஆண்கள் கட்டும், இரு முனையையும் சேர்த்துத் தைத்த (மூட்டின) உடுப்பு. வாங்குபவர் ஒரு பொருளை நினைத்துக் கேட்கிறார், விற்பவர் வேறொரு பொருளை நினைத்து எடுத்துப் போடுகிறார். முதல் சலவையோடு சாயம் போய்விட்டது, கணுக்காலுக்கு எட்டவில்லை, மூட்டில் கட்டம் பொருந்தவில்லை என்று பிறகு வருகிற சண்டைகளில் பாதி இங்கேதான் தொடங்குகிறது.

பழவேற்காட்டிலிருந்து

பெயரை எழுதுவதிலேயே ஒற்றுமை இல்லை. பளையகாட், பழையகாட், பாளையக்காட்டு என்று வாய்க்கு வந்தபடி எழுதுகிறார்கள். கேரளத்துப் பாலக்காட்டோடு சிலர் முடிச்சுப் போடுவார்கள், பாளையங்கோட்டையோடு வேறு சிலர். இரண்டும் பிழை. மூல ஊர் பழவேற்காடு. சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீற்றரில், திருவள்ளூர் மாவட்டத்தில், கடலுக்கும் பெரியதொரு உவர்நீர் ஏரிக்கும் நடுவில் இருக்கிறது. மட்டக்களப்பு வாவிக் கரையில் வளர்ந்தவருக்கு அந்த நிலத்தின் அமைப்பு புதிதாகத் தோன்றாது. வேல மரங்கள் நின்ற பழைய காடு என்று ஊர்ப்பெயருக்குப் பொருள் சொல்வதுண்டு. அப்படிப் பார்த்தால் "பழையகாட்" என்று பிழைபடச் சொல்கிறவர் தெரியாமலே மூலத்துக்குக் கிட்ட நிற்கிறார்.

போர்த்துக்கேயர் அந்த ஊரைப் பலெயகாட்டே என்றார்கள். அவர்களுக்குப் பின் வந்த ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பனி 1613இல் அங்கே கெல்திரியா என்ற கோட்டையை எழுப்பியது. 1638இல் மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்ததும் இதே கம்பனிதான். 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் அதன் தலைமையிடம் பழவேற்காடு. சாவகத்திலும் மலுக்குத் தீவுகளிலும் மிளகு, சாதிக்காய், கராம்பு வாங்கப் போனவர்களுக்கு, அங்குள்ளவர்கள் ஐரோப்பியச் சரக்கை விரும்பவில்லை என்பது சீக்கிரமே விளங்கியது. அவர்கள் கேட்டது சோழமண்டலத் துணி. அதனால் துணியை இங்கே வாங்கி, அங்கே கொடுத்து, வாசனைச் சரக்கை ஏற்றினார்கள். உள்நாட்டுத் தறிகள் பலவற்றில் நெய்யப்பட்டு அந்தத் துறையில் கப்பலேறிய துணிக்கு ஊரின் பெயரே ஒட்டிக்கொண்டது.

ஏன் கட்டம் என்றால், அதற்குத் தொழில் காரணம் உண்டு. சோழமண்டலத்துச் சாயக்காரர் நூலுக்கே சாயம் போட வல்லவர்கள். சிவப்புக்குச் சாயவேர் (யாழ்ப்பாணம், மன்னார்க் கரைகளிலும் இதைக் கிண்டினார்கள்), நீலத்துக்கு அவுரி. சாயமிட்ட நூல் கையில் இருந்தால், மிகச் சாதாரண நெசவிலேயே, விசேஷத் தறி எதுவும் இல்லாமல் எண்ணற்ற கட்டங்கள் போடலாம். துணியின் இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும், உள் வெளி பார்க்கத் தேவையில்லை. சுற்றிக் கட்டும் உடுப்புக்கு அதுதான் வேண்டும்.

கப்பலேறிய பெயர்

மலேசியாவில் ஆண்கள் கட்டும் கட்டச் சாரம் இன்றும் "காயின் பெலெக்காட்", இந்தோனேசியாவில் "சாருங் பலெக்காட்". பர்மாவில் ஆண்களின் பருத்தி லுங்கியில் ஒரு வகைக்கும் இதே பெயர் திரிந்து வழங்குகிறது. மலாயில் பெலெக்காட் என்பதற்குச் சுவரொட்டி என்றும் பொருள் உண்டு. ஆனால் அது ஒல்லாந்து மொழியிலிருந்து தனியே வந்த சொல், துணியோடு அதற்கு உறவில்லை. இந்தோனேசியாவில் சாரம் கட்டுவது சமய அடையாளமாகவும் ஆகிவிட்டது. பெசந்திரன் எனப்படும் மதரசாக்களில் படித்தவர்களைச் "சாரம் கட்டும் கூட்டம்" என்ற பொருளில் "கௌம் சாருங்ஙான்" என்பார்கள்.

மேற்கே போன பெயர் வேறு வழி பிடித்தது. பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரித்தானியாவில் "புலிக்கட்" என்றால் நிறக் கைக்குட்டை. பிறகு அதே பெயரில் ஸ்கொட்லாந்துத் தறிகளிலேயே நெய்யத் தொடங்கினார்கள். ஊருக்கும் துணிக்கும் இருந்த தொடர்பு அங்கேயே அறுந்துவிட்டது. மெக்சிக்கோவில் "பலியாகாத்தே" என்பது கழுத்திலோ தலையிலோ கட்டும் சதுரத் துண்டு. மணிலாவிலிருந்து அகாபுல்கோவுக்கு ஓடிய ஸ்பானியக் கப்பல்கள் ஆசியத் துணிகளைக் கொண்டுபோன காலம் அது. இன்று அங்கே விற்கும் பலியாகாத்தே பெரும்பாலும் சிவப்பில் மாங்காய் வடிவம் அச்சிட்டது. கட்டம் வழியிலேயே தொலைந்து, பெயர் மட்டும் கரையேறியிருக்கிறது.

இதற்குப் பக்கத்து உறவு மதராஸ் கட்டம். 36 அங்குலச் சதுரங்களாக நெய்த "ரியல் மெட்ராஸ் ஹாண்ட்கர்ச்சீப்" மேற்கு ஆபிரிக்காவுக்குப் போனது. நைஜீரியாவின் கலபரி மக்கள் அதை "இஞ்சிரி" என்கிறார்கள். அதிலிருந்து நூல்களை வெட்டி உருவிப் புதுக் கோலம் எடுக்கும் தனிக் கலையே அவர்களிடம் உண்டு. கரிபியன் தீவுகளில் செயின்ற் லூசியா, டொமினிக்கா, மார்த்தினிக், குவாதலூப் ஆகியவற்றில் மதராஸ் கட்டம் பாரம்பரிய உடுப்பின் பகுதி. 1960களின் அமெரிக்காவில் சாயம் இறங்கும் மதராஸ் துணியை, "கட்டாயம் சாயம் போகும்" என்பதையே பெருமையாகச் சொல்லி விற்றார்கள். மருதமுனைத் தறிக்காரர் எவரும் இந்தத் துணிச்சலுக்குப் போகமாட்டார்.

இங்கே அந்தப் பெயர்

இலங்கையில் சிங்களத்திலும் தமிழிலும் பளையகாட் என்றால் முதலில் நினைவுக்கு வருவது கட்டச் சாரம். வெள்ளைச் சாரம், பற்றிக் சாரம், ஒரே நிறச் சாரம் ஆகியவற்றிலிருந்து அதைப் பிரித்துக் காட்டவே பெயர் பயன்படுகிறது. கம்பாயம் வேறு. பழைய தலைமுறைப் பெண்கள் கட்டிய கட்டம் அல்லது கோடு போட்ட துணிக்கு அது பெயர். குஜராத்தின் கம்பாயத்துத் துறையோடு அதை இணைத்துப் பார்ப்பவர்கள் உண்டு. அப்படியானால் அதுவும் துறைமுகப் பெயரில் வந்த துணிதான்.

கரையோர முஸ்லிம் ஊர்களில் சாரன் என்றும், தமிழ் ஊர்களில் சாரம் என்றும் கேட்கலாம். வீட்டில், வயலில், வாவித் தோணியில், கடைத் திண்ணையில் எல்லாம் பளையகாட் செல்லும். கோயிலுக்குப் போகிறவர் அதை அவிழ்த்து வேட்டிக்கு மாறுவார். பள்ளிவாசலுக்குக் கட்டம் தடையில்லை, ஆனால் ஜும்ஆவுக்கும் கலியாணத்துக்கும் வெள்ளையை எடுப்பவர்கள் பலர். வேலைக்கு இறங்கும்போது முழங்காலுக்கு மேல் மடித்துச் சண்டிக்கட்டாகக் கட்டுவதற்குக் கனமான பருத்திதான் ஒத்துவரும். பொலியெஸ்டர் கலந்தது வழுக்கி அவிழும், வியர்வையையும் உறிஞ்சாது.

அம்பாறை மாவட்டக் கரையில் பெரியநீலாவணைக்கும் பாண்டிருப்புக்கும் இடைப்பட்ட மருதமுனை, கைத்தறிக்குப் பெயர்போன ஊர். 1970களின் முற்பகுதியில் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருந்தபோது உள்ளூர்த் தறிக்குச் சந்தை இருந்தது. 1977க்குப் பின் கதவு திறந்ததும் மலிவான மெசின் துணி வந்து குவிந்தது. 2004 சுனாமி கரையோர வீடுகளோடு தறிகளையும் கொண்டுபோனது. இவ்வளவுக்குப் பிறகும் அங்கே தறிச் சத்தம் கேட்கிறது என்பதற்கு ஒரு காரணம், வெளியூர்க்காரர் கடையில் "மருதமுனைச் சாரம்" என்று பெயர் சொல்லிக் கேட்பது. பழவேற்காட்டுக்கு நடந்ததே இங்கும் நடக்கத் தொடங்கியிருக்கிறது. ஊரின் பெயர் துணியின் பெயராகிறது. அது முழுதாக நடந்து முடிந்தால், மருதமுனையில் நெய்யாததும் மருதமுனைச் சாரமாகிவிடும்.

கட்டத்தின் கணக்கு

நெய்த கட்டம் கணக்கில் நிற்கும் வேலை. இதைப் புரிந்துகொண்டால் நல்ல சாரத்துக்கு ஏன் அந்த விலை என்பது தெரியும்.

நீளப்பக்கம் ஓடுவது பாவு, குறுக்கே ஓடுவது ஊடை. 48 அங்குல அகலச் சாரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இறக்கிய துணியில் அங்குலத்துக்குப் பாவு 72, ஊடை 64, நூல் இரண்டிலும் 40ஆம் நம்பர் (நூலின் மென்மையைக் காட்டும் எண், விளக்கம் கீழே). மொத்தப் பாவு 72ஐ 48ஆல் பெருக்க 3,456 இழை. கட்டத்தின் ஒரு சுற்று: கருநீலம் 36, வெள்ளை 4, மெரூன் 8, வெள்ளை 4, ஆக 52 இழை. 3,456 இழையில் இது 66 முழுச் சுற்று வரும், 24 இழை மிஞ்சும். தெரிந்தவர் கருநீலப் பட்டையின் நடுவில் பாவைத் தொடங்கி, மறுபக்கமும் கருநீலத்தின் நடுவிலேயே முடித்து, மிஞ்சிய 24ஐப் பக்கத்துக்கு 12ஆகக் கரையோடு சேர்ப்பார். இடுப்புப் பக்கத்தைக் கீழே மாற்றிக் கட்டினாலும் வித்தியாசம் தெரியாது. கணக்கில்லாமல் ஓட்டிய பாவில் ஒரு கரை கருநீலத்திலும் மறு கரை வெள்ளைக் கம்பியிலும் முடியும்.

ஊடைக்கும் 52 போட்டால் கட்டம் சதுரமாக வராது. அங்குலத்துக்கு 64தான் என்பதால் 52ஐ 64ஆல் பெருக்கி 72ஆல் வகுக்க 46 சொச்சம். அந்த 46ஐக் கருநீலம் 32, வெள்ளை 4, மெரூன் 6, வெள்ளை 4 என்று பிரிக்கிறார்கள். எல்லாமே இரட்டை எண்கள் என்பதைக் கவனிக்கவும். நிறம் மாற்றும் நாடாப் பெட்டிகள் (நாடா என்பது ஊடை நூலைக் குறுக்கே கொண்டுபோகும் ஓடம்) தறியின் ஒரு பக்கத்தில் மட்டும் இருந்தால், போன நாடா திரும்பி அதே பக்கம் வந்தால்தான் அடுத்த நிறத்துக்கு மாற்ற முடியும். ஒற்றை எண்ணில் ஊடை கேட்கும் டிசைனை அந்தத் தறியில் நெய்ய முடியாது. கணினியில் வரைந்த டிசைனைக் கொண்டுவந்து தறிக்காரரிடம் கொடுப்பவர்கள் பெரும்பாலும் முட்டுப்படும் இடம் இது.

இனி நீளம். 46 ஊடையில் ஒரு சுற்று 0.72 அங்குலம். 110 சுற்றுக்கு 5,060 ஊடை, நீளம் 79 அங்குலம், அதாவது 2 மீற்றரும் ஒரு சென்ரிமீற்றர் அளவும். ஒரு சுற்றுக்கு நாலு தடவை நாடா மாற வேண்டும், ஆகவே ஒரு சாரத்துக்கு 440 மாற்றம். நிமிடத்துக்கு 40 ஊடை சராசரியாக விழுந்தால் நெசவு மட்டும் இரண்டு மணி நேரத்துக்கு மேல். அறுந்த இழை முடிய, தார் (நாடாவுக்குள் வைக்கும் ஊடை நூல் சுருள்) மாற்ற, பாவை முன்னே தள்ள ஆகும் நேரம் வேறு. ஊடையில் நிறம் மாறாமல் பாவில் மட்டும் கோடு விட்ட சாரத்துக்கு இந்த 440 மாற்றம் இல்லை. கோடுச் சாரமும் கட்டச் சாரமும் ஒரே நூல், ஒரே எடை என்றாலும் ஒரே விலையாக இருக்க முடியாது.

நூல் எவ்வளவு போகும்? ஒரு இறாத்தலுக்கு 840 யார் கொண்ட கழி (நூல் கட்டு) எத்தனை வருகிறதோ அதுவே நூல் நம்பர். 40ஆம் நம்பரில் இறாத்தலுக்கு 33,600 யார். பத்துச் சாரத்துக்கு 20 மீற்றர் துணி வேண்டும். பாவு சுருங்குவதற்கு 2 மீற்றர், தறியின் கடைசியில் நெய்ய முடியாமல் நிற்பதற்கு 1 மீற்றர் சேர்த்து 23 மீற்றர் பாவு ஓட்டினால், பாவுக்கு 1.2 கிலோ அளவு நூல். தறியில் விரிந்து நிற்கும் அகலம் 50 அங்குலம் என்று வைத்தால் ஊடைக்கு 950 கிராம். நெய்து முடித்த சாரம் ஒன்று 200 கிராமுக்குச் சற்று மேல் நிற்கும். இதே நெருக்கத்தில், இதே நம்பர் நூல் என்று சொல்லப்படும் சாரம் தராசில் 280, 300 காட்டினால் மிச்சம் பசை, அல்லது நூல் நம்பர் அது இல்லை.

எங்கே பிழைக்கும்

தறிப் பிழைகளில் கண்ணுக்கு முதலில் படுவது இழை மாறிக் கோத்தது. விழுதிலும் (பாவு இழைகளைத் தூக்கி இறக்கும் கண்கள்) அச்சிலும் (ஊடையை அடித்து நெருக்கும் சீப்பு) 3,456 இழையை ஒவ்வொன்றாகக் கோக்கும்போது ஒரு வெள்ளை இழை கருநீலத்துக்குள் தப்பிப் போனால், அந்தப் பாவு முடியும்வரை எல்லாச் சாரத்திலும் அதே இடத்தில் ஒரு மெல்லிய கோடு நிற்கும். அதனால்தான் முதல் கை அகலம் நெய்தவுடன் நிறுத்தி, வெளிச்சத்தில் பார்த்துக் கட்டங்களை எண்ணுகிறார்கள்.

அதைவிட மோசமானது அடி. ஊடையை அச்சு அடித்து நெருக்கும் பலம் குறைந்து, 64 வரவேண்டிய இடத்தில் 58 விழுந்தால் சுற்று 0.72இலிருந்து 0.79 அங்குலமாக நீளும். ஒற்றைக் கட்டத்தில் அது தெரியாது. ஆனால் அளவுநாடாவைப் பிடித்து 79 அங்குலத்தில் வெட்டுகிறவருக்கு 110 சுற்றுக்குப் பதில் 99 முழுச் சுற்றும் சொச்சமும்தான் கிடைக்கும். துணி இளக்கமாகி, இருக்கும் இடத்தில் நூல் விலகும். சாரத்தைக் கையில் எடுத்ததும் ஒரு கட்டத்தின் நீளத்தையும் அகலத்தையும் விரலால் ஒப்பிட்டுப் பார்ப்பது இதற்காகத்தான். மறுபுறம், தறியை நிறுத்திவிட்டு மீண்டும் உட்காரும் இடத்தில் குறுக்கே ஒரு வரி விழும். இழுத்துக் கட்டிய பாவு சும்மா நிற்கும்போது தளர்வதே காரணம். அனுபவசாலி எழுந்து போகுமுன் பாவைத் தளர்த்திவிட்டுப் போவார்.

காலநிலைக்கும் பங்குண்டு. கச்சான் என்ற வறண்ட தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் காற்றின் வறட்சியால் கஞ்சி ஏற்றிய பாவு முறுகி அறும். தறிக்குக் கீழே தண்ணீர் தெளிப்பதும் ஈரச் சாக்குப் போடுவதும் அதற்குத்தான். மாரியில் பிரச்சினை மறுபக்கம். சாயமிட்ட கழி காயாது, கஞ்சி இளகிப் பிசுபிசுக்கும், குழித்தறி என்றால் குழிக்குள் நீர் கசியும். அரைகுறையாகக் காய்ந்த ஊடையை நெய்தால் பிறகு அது சுருங்கி, கட்டம் வரிசை வரிசையாக இழுபட்டு நிற்கும். அவசர ஓடர் ஒன்றை மார்கழியில் கொடுத்துவிட்டு அடுத்த வாரமே கேட்பவர்கள் இதையும் நினைக்க வேண்டும்.

சாயத்தில் ஒரே நிறத்தை இரண்டு தடவையாகக் காய்ச்சினால் இரண்டும் ஒன்றாக வராது. பாதிச் சாரத்தில் தார் மாறும்போது கருநீலத்தில் ஒரு நிழல் விழும். பத்துச் சாரத்துக்கு வேண்டிய ஊடையை ஒரே தடவையில் சாயமிடுவதே வழி. சிவப்பும் மெரூனும் உரசலில் சாயம் விடுவதற்குப் பெயர்போனவை. முதல் சலவையில் உப்புப் போட்டு ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. உப்பு உதவுவது சாயம் காய்ச்சும்போது மட்டுமே, சரியாகப் பிடிக்காத சாயத்தை வீட்டுத் தொட்டியில் உப்பு பிடித்து வைக்காது. கறுப்பில் ஆபத்து வேறு வகை. மலிவான கந்தகக் கறுப்புச் சாயம் போட்ட நூல், ஈரப்பதமான அலுமாரியில் நாட்பட இருந்தால் அமிலம் ஊறிப் பலவீனமாகும். பழைய சாரம் கிழியும்போது கறுப்புப் பட்டை வழியாகக் கிழிவதைப் பலர் பார்த்திருப்பார்கள்.

கடை மேசையில்

நெய்த கட்டமா அச்சிட்ட கட்டமா என்பதற்கு விரித்துத் திருப்பிப் பார்ப்பதே போதும். நெய்ததில் இரு பக்கமும் ஒரே அழுத்தம். இன்னும் கிட்டப் பார்த்தால், கருநீலப் பாவும் கருநீல ஊடையும் சந்திக்கும் இடம் அடர்த்தியாக இருக்கும். கருநீலமும் வெள்ளையும் சந்திக்கும் இடத்தில் புள்ளி புள்ளியாக இரண்டு நிறமும் தனித்தனியே தெரியும். அச்சில் அந்த இடம் ஒரே வெளிர்நீலப் பூச்சாக இருக்கும்.

நாரை அறியக் கரையிலிருந்து ஓர் இழையை உருவிக் கொளுத்தலாம். பருத்தி கடதாசி போல எரிந்து மெல்லிய சாம்பலாகும், பொலியெஸ்டர் உருகிக் கறுத்த மணியாகத் திரளும். கலப்பு நூலில் இரண்டும் கலந்து தெரியும். கடைக்குள் நெருப்பு வேண்டாம், உருவிய இழையை வெளியே கொண்டுபோய்ச் செய்வது மரியாதை. பசை எவ்வளவு என்று பார்க்க ஒரு மூலையை இரு கைகளாலும் கசக்கித் தேய்த்தால் தூள் பறக்கும். சாயத்துக்கு, நனைத்த வெள்ளைக் கைக்குட்டையால் சிவப்புப் பட்டையில் பத்துத் தடவை அழுத்தித் தேய்த்தால் போதும்.

கைத்தறியா மெசினா என்ற கேள்விக்கு ஒரே அடையாளத்தை நம்ப முடியாது. கரையோரம் சீரான சிறு ஊசித்துளைகள் இருந்தால் கைத்தறி என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். துணியை அகலமாக விரித்துப் பிடிக்கும் முட்கள் மெசினிலும் துளை விடும். கட்டங்களின் நீளத்தில் அங்கங்கே மிகச் சிறிய ஏற்ற இறக்கம், சற்று அலையும் கரை, ஊடை முடிந்து புதுத் தார் தொடங்கிய இடத்தில் இரட்டை இழை ஆகிய மூன்றும் சேர்ந்து இருந்தால் கைத்தறி என்று எடுத்துக்கொள்ளலாம்.

மூட்டும் அளவும்

பெரும்பாலான சாரம் இரண்டு மீற்றர் துண்டாக வருகிறது, கடையிலோ தையல்காரரிடமோ மூட்டுகிறார்கள். இங்கேதான் நல்ல துணி பாழாகிறது. மேலே சொன்ன சாரத்தில் ஒவ்வொரு முனையிலும் அரைச் சுற்று, அதாவது 9 மில்லிமீற்றர், தையலுக்குள் போனால் வெளியே சரியாக 109 சுற்று நின்று கட்டம் தொடர்ந்து ஓடும். தையல்காரர் வழக்கப்படி பக்கத்துக்கு அரை அங்குலம் பிடித்தால் கட்டம் உடைந்துவிடும். முனையைக் கத்தரிக்கும்போது கண் மட்டத்தை நம்பாமல் ஓர் ஊடை இழையை உருவி, அந்தக் கோட்டில் வெட்ட வேண்டும். சரிவாக வெட்டிய சாரத்தை மூட்டினால் ஒரு பக்கம் இறங்கித் தொங்கும்.

மூட்டுவதற்கு முன் ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்துக் காயவைப்பது கட்டாயம். பருத்தி முதல் நனைப்பில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து வரை சுருங்கும், பொலியெஸ்டர் தையல் நூல் சுருங்காது. நனைக்காமல் மூட்டினால் முதல் சலவைக்குப் பின் மூட்டு முழுவதும் சுருக்குச் சுருக்காக நிற்கும். வெட்டு விளிம்பு உள்ளே மறையும்படி இருமுறை மடித்து, அங்குலத்துக்கு 10 முதல் 12 தையல் போட்டால் துணி நையும்வரை மூட்டு இருக்கும்.

அகலம்தான் கட்டும்போது உயரமாகிறது. இடுப்பில் சுருட்டுவதற்கு ஐந்தாறு அங்குலம் போய்விடும், ஊறும்போது இரண்டு அங்குலம் வரை குறையும். 48 அங்குலம் என்று வாங்கியது காலில் 40 அங்குலமாக நிற்கும். ஐந்தடி எட்டு அங்குலத்துக்கு மேற்பட்டவர் 50 அங்குலம் கேட்பது நல்லது. இடுப்பு 110 சென்ரிமீற்றரைத் தாண்டியவருக்கு இரண்டு மீற்றர் சுற்று போதாது. முன்னால் மடிக்கப் போதிய துணி மிஞ்சாது. இரண்டேகால் மீற்றர் தறியில் சொல்லித்தான் நெய்விக்க வேண்டும். தறிக்காரரிடம் போகிறவர் பளையகாட் வேண்டும் என்று மட்டும் சொன்னால் அவர் தன் வழக்கமான அளவில் இறக்கிவிடுவார். அகலம், நீளம், நூல் நம்பர், கட்டத்தின் அளவு, மூட்டியா மூட்டாமலா என்பதைச் சொல்லி, முடிந்தால் பழைய சாரத்தில் ஒரு துண்டையும் கொடுத்துவிட வேண்டும்.

நைந்த பளையகாட் வீட்டில் பல வருடம் இருக்கும். படுக்கை விரிப்பு, சும்மாடு, அடுப்படித் துணி என்று இறங்கிக்கொண்டே போகும். பிள்ளைக்கு ஏணை கட்டப் பழைய சாரத்தைத் தேடுவது, பலமுறை துவைத்ததில் பசையும் மிஞ்சிய சாயமும் போய்த் துணி மெதுமையாகிவிடும் என்பதால். எடுக்குமுன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். கறுப்புப் பட்டை வழியாக வெளிச்சம் கீற்றுக் கீற்றாகத் தெரிந்தால் அந்தச் சாரம் பாரம் தாங்காது. மூட்டுத் தையல் பிள்ளையின் முதுகுக்குக் கீழே வராமல் பக்கவாட்டில் நிற்கும்படி கட்ட வேண்டும். முடிச்சைப் போட்டபின் கையால் முழுப் பலத்தோடு இழுத்துப் பார்த்த பிறகே பிள்ளையைக் கிடத்தலாம்.